பதிப்புரிமை மீறலைத் திருட்டு என்று சொல்வது சரியா?

ஒரு நூலையோ பாடலையோ திரைப்படத்தையோ உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் நகலெடுப்பதைத் திருட்டாகக் கருத வேண்டுமா, மூலம் அவரிடமே இருக்கும்போது அவர் எதை இழந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிப்புரிமை மீறல் தவறு; பல நேரங்களில் தண்டனைக்குரிய குற்றம்; சில நேரங்களில் பணப்பையைப் பறிகொடுப்பதைவிடப் பெரிய கேடு. ஆனால் அது திருட்டு அன்று என்பதே என் கருத்து. நான் மொழிபெயர்ப்பாளன். மாதக்கணக்கில் உழைத்துத் தமிழாக்கிய நூல்கள் பிடிஎஃப் கோப்புகளாகக் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆகவே நகலெடுப்பவர்களுக்காக ஒரு வாதத்தைத் தேடிப் பிடித்து இதை எழுதவில்லை. திருட்டு என்று சொல்லி முடித்துவிட்டால், எனக்கு நேர்ந்த இழப்பு எது என்பதும், என் உரிமை எதுவரை செல்லும் என்பதும் சேர்ந்தே மறைந்துபோகின்றன; அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் சட்டம் எதைத் திருட்டு என்கிறது என்று பார்க்க வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 378-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவாகியிருக்கும் வரையறையின்படி, ஒருவர் வசம் உள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன், அவர் வசத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்காக நகர்த்துவதே திருட்டு. பொருளை உரிமையாளர் நிரந்தரமாக இழக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. பியாரே லால் பார்கவா வழக்கில், ராஜஸ்தான் அரசு அலுவலகம் ஒன்றின் கண்காணிப்பாளர் ஒரு கோப்பைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்று, அதிலிருந்த தாள்களை மாற்றிவைக்க வேறொருவருக்கு வழிசெய்து, மறுநாள் அலுவலகத்திலேயே திருப்பி வைத்தார். கோப்பு வெளியே இருந்தது மிகக் குறைந்த நேரமே என்றாலும் அது திருட்டுதான் என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. எனவே, “உரிமையாளர் எதையும் நிரந்தரமாக இழக்கவில்லையே” என்று இணையத்தில் அடிக்கடி எழுப்பப்படும் வாதம் இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பொருந்தலாம். நம் சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் அந்தக் கோப்பு ஓர் இரவாவது அலுவலகத்தில் இல்லாமல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நகலெடுக்கும்போது மூலம் ஒரு நொடிகூட உரிமையாளரின் வசத்தை விட்டு அகல்வதில்லை.

இதே நேர்வின் மறுபக்கத்தை இங்கிலாந்தில் 1970-களின் இறுதியில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளின் மெய்ப்புப் படியைக் கைப்பற்றிப் படித்தார். தாளை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதால், தாளில் இருந்த தகவலைத் திருடியதாகவே அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தகவல் என்பது திருட்டுச் சட்டம் சொல்லும் சொத்து ஆகாது என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் செய்தது நேர்மையான செயல் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நேர்மையின்மைக்குத் திருட்டு என்ற சட்டம் பொருந்தவில்லை, அவ்வளவே.

புதிய சன்ஹிதாவில் ஒரு மாற்றம் வந்திருப்பதையும் மறைக்கக் கூடாது. பழைய சட்டத்தில் அசையும் சொத்து என்பது தொட்டுணரத்தக்க பொருளாக இருக்க வேண்டும் என்று இருந்தது. புதிய சட்டத்தின் விளக்கத்தில் அந்த நிபந்தனை இல்லை. இதைக் கொண்டு, இனி அருவமான உரிமைகளையும் திருட முடியும் என்று வாதிடுவோர் வரக்கூடும். அந்த வாதம் பாதி தூரம்தான் செல்லும் என்று நினைக்கிறேன். பொருளின் விளக்கம் விரிந்தாலும், ஒருவர் வசத்திலிருந்து எடுப்பதற்காக நகர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. மேலும், திருட்டின் வரையறைக்குள் அடங்காத ஒன்றைத் திருட்டாக நடத்த வேண்டும் என்று சட்டமியற்றுவோர் கருதும்போது அதை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார்கள். 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், மின்சாரத்தை நேர்மையற்ற முறையில் எடுத்துப் பயன்படுத்துபவர் திருட்டுக் குற்றம் செய்தவராகக் கருதப்படுவார் என்று கூறியது. 2003-ஆம் ஆண்டின் சட்டமும் மின் திருட்டைத் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. மின்சாரத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால் அந்த அளவு மின்சாரம் தீர்ந்துபோகிறது. அதற்கு அந்தப் பெயர் நியாயமானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதன் பின் பலமுறை திருத்தப்பட்டபோதும் அப்படி ஒரு வரி அதில் எழுதப்படவே இல்லை. மீறல் என்றே சொல்கிறது. அதற்கு உரிய தண்டனையைத் தானே வகுத்துக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டை நான் படித்தவற்றுள் மிகத் தெளிவாக ஆராய்ந்தது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. பால் டௌலிங் என்பவர், எல்விஸ் பிரெஸ்லியின் வெளியிடப்படாத ஒலிப்பதிவுகளை உரிமை பெறாமல் இசைத்தட்டுகளாக அச்சிட்டு மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பி விற்றார். பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானதை அவர் மேல்முறையீட்டில் எதிர்க்கவே இல்லை. அரசு அத்துடன் நிற்காமல், திருட்டுப் பொருள்களை மாநில எல்லை தாண்டி அனுப்புவதைத் தண்டிக்கும் வேறொரு சட்டத்தையும் அவர்மீது ஏவியிருந்தது. அந்த இசைத்தட்டுகள் திருட்டுப் பொருள்களா என்பதே கேள்வி. அவை திருடப்பட்ட பொருள்கள் அல்ல என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், பதிப்புரிமையை மீறுபவர் உரிமையாளரிடமிருந்து அந்த உரிமையைக் கைப்பற்றிக்கொள்வதும் இல்லை, உரிமையாளர் அதைப் பயன்படுத்த முடியாதபடி முற்றிலும் தடுத்துவிடுவதும் இல்லை என்று விளக்கினார். பதிப்புரிமை என்பது சட்டம் கவனமாக எல்லை வகுத்துத் தரும் சில உரிமைகளின் தொகுப்பு. அதில் தலையிடுவதைத் திருட்டோடு எளிதாகச் சமன்படுத்திவிட முடியாது என்பதே அவருடைய நிலை. டௌலிங் செய்தது நல்ல காரியம் என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. அவர் செய்த தவறுக்கு உரிய சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கொண்டே அவரைத் தண்டியுங்கள் என்பதுதான் அதன் சாரம். 2013-இல் ஃபுளோரிடாவில் ஒரு கோப்புப் பகிர்வு நிறுவனத்தின்மீது திரைப்பட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் நீதிபதி இன்னும் ஒரு படி சென்று, விசாரணையின்போது நடுவர் குழுவின் முன் திருட்டு, கொள்ளை போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்றே தடை விதித்தார்.

திருட்டு இல்லை என்றால் இது என்ன? படைப்பாளி தன் வீட்டைப் போலவும் நிலத்தைப் போலவும் காலமெல்லாம் வைத்துக்கொள்ளும் சொத்தாகப் பதிப்புரிமை பொதுவாக இருந்ததில்லை. 1710-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த முதல் பதிப்புரிமைச் சட்டமே புதிய நூல்களுக்குப் பதினான்கு ஆண்டுகளும், அதன்பின் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகளும்தான் கொடுத்தது. உரிமை நிரந்தரமானது என்று லண்டன் புத்தக வணிகர்கள் வாதாடிப் பார்த்தார்கள். 1774-இல் எடின்பரோ புத்தக வணிகர் அலெக்சாண்டர் டொனால்ட்சனின் வழக்கில் பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. நம் நாட்டில் ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. அது முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுவுடைமையாக வேண்டிய நேரம் வந்தபோது, 1992-இல் சட்டத்தைத் திருத்திப் பத்து ஆண்டுகளைக் கூட்டினார்கள். யாருடைய மோதிரத்துக்கும் இப்படிக் காலவரம்பு வைத்து, பிறகு அதை நீட்டிக்கொடுக்க எந்த நாடாளுமன்றமும் கூடுவதில்லை. சமுதாயம் தனக்கு வேண்டிய நூல்களும் பாடல்களும் தொடர்ந்து உருவாக வேண்டும் என்பதற்காகப் படைப்பாளிக்குக் குறிப்பிட்ட காலம் ஒரு தனி உரிமையைக் கொடுத்து, காலம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பதிப்புரிமை மீறல் என்பது அந்த உடன்பாட்டை உடைப்பது.

உடன்பாடு என்பதால்தான் அதில் விலக்குகளும் இருக்கின்றன. ஒருவர் தம் சொந்தப் படிப்புக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ, விமர்சனத்துக்காகவோ ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி மீறலே அன்று. படிப்பதற்காகச் சிறிதளவு திருடலாம் என்று எந்தத் திருட்டுச் சட்டத்திலும் விலக்கு இருக்க முடியாது. இது ஏட்டளவில் இருக்கும் நுணுக்கமும் அன்று. டெல்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் இருந்த நூல் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்ததற்காக, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012-இல் அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. நகலெடுக்கப்பட்ட நூல்களின் ஆசிரியர்கள் சிலரே அந்த வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா, இலக்கியப் படைப்பின்மீதான பதிப்புரிமை தெய்வீகமான உரிமையோ இயற்கையான உரிமையோ அன்று என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவில் நகலெடுக்கலாம் என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டு, அந்தத் தேவை இருந்ததா என்று பார்ப்பதற்காக மட்டும் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே விலக்கிக்கொண்டன. திருட்டு என்ற கண்ணோடு மட்டும் பார்த்திருந்தால், இத்தனை ஆண்டுகள் நடந்த இந்த விவாதத்தில் மாணவர்களின் தேவை என்ற கேள்விக்கு நுழையவே வழி இருந்திருக்காது.

நம் மொழியில் இதற்கு இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. பாரதி 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை கைமாறிக் கைமாறி திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்திருந்தது. பாரதி பாடல்கள் தனியார் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதை எதிர்த்து 1940-களில் எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் பெரும் இயக்கமே நடத்தினார்கள். மெய்யப்பன் விலை ஏதும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூரார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அவை அனைவருக்கும் பொதுவாயின. சாதாரணமாகக் காலக்கெடு 1971-இல்தான் முடிந்திருக்கும். அந்த வழியிலேயே தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை, அவர்களுடைய வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கி வருகிறது. இந்த ஏற்பாட்டில் நான் மதிப்பது, வாசகர்களுக்கு நூல்கள் கிடைக்க வேண்டும் என்பதையும் குடும்பத்துக்கு ஏதேனும் கொடுக்க வேண்டும் என்பதையும் அது ஒருசேர ஒப்புக்கொள்வதுதான். அன்று அந்த இயக்கத்தை நடத்தியவர்கள் அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்று இன்று யாரும் சொல்லத் துணிய மாட்டோம்.

இவ்வளவும் சொன்னபின், நகலெடுப்பதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்பவர்களுக்கும் நான் விடை சொல்லியாக வேண்டும். அவர்களுடைய வாதத்தை என்னால் ஏற்க முடியாது. தமிழில் ஒரு நூலின் பதிப்பு பெரும்பாலும் சில நூறு படிகளே. 300 ரூபாய் நூலுக்குப் பத்து சதவீத உரிமைத் தொகை என்றால் படி ஒன்றுக்கு எனக்கு வருவது 30 ரூபாய். அந்த நூலின் பிடிஎஃபை ஆயிரம் பேர் இறக்கிக்கொண்டால் நான் 30,000 ரூபாயை இழந்தேன் என்று சொல்வது பொய். அவர்களில் பலர் அதை எந்நாளும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் நூறு பேர் வாங்கியிருப்பார்கள் என்றாலும், அந்த நூறு படிகள் விற்காததால் இரண்டாம் பதிப்பு வராமல் போகலாம். அடுத்த மொழிபெயர்ப்பைப் பதிப்பாளர் ஏற்கத் தயங்கலாம். மெய்யான இழப்பு அங்கேதான் இருக்கிறது. அதோடு, என் நூல் எந்த வடிவில், எப்போது, எந்த விலையில் வெளிவர வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமையும் என் கையை விட்டுப் போகிறது. பிழை திருத்திய இரண்டாம் பதிப்பு வந்த பிறகும், பிழைகளுடன் இருக்கும் பழைய கோப்பே ஊரெங்கும் சுற்றுவதைக் காண்பது எனக்குப் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது. களவுபோன பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு ஓரளவுக்கு நேராகும். பரவிவிட்ட நகலைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. ஆகவேதான் சில மீறல்கள் திருட்டைவிடக் கேடானவை என்றேன். நூல் முழுவதையும் கள்ளத்தனமாக அச்சடித்துப் பாதி விலைக்கு விற்கும் வணிகர் இதில் முதல் வரிசையில் நிற்பவர். நூலகமே இல்லாத ஊரில் ஒரு கோப்பை இறக்கிப் படிக்கும் மாணவரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

திருட்டு என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வரும் ஒரு செயல் உண்டு என்றால், அது பிறர் எழுத்தைத் தன் பெயரில் வெளியிடுவது. நகல் ஒரே நேரத்தில் ஆயிரம் கைகளில் இருக்கலாம். இன்னார் எழுதியது என்ற பெருமை ஒருவரிடம் சென்றால் மற்றவரிடம் இல்லாமல் போகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இந்த உரிமையைப் பணவுரிமையிலிருந்து பிரித்து, பதிப்புரிமையையே விற்றுவிட்ட ஆசிரியருக்கும் தன் பெயரைக் கோரும் உரிமை உண்டு என்று வைத்திருக்கிறது. சட்டத்தில் இதுவும் திருட்டு அன்று. ஆனால் இதை ஒருவர் கோபத்தில் திருட்டு என்று அழைத்தால் நான் திருத்த மாட்டேன்.

படைப்பாளிகளின் பெரிய இழப்புகள் பல, வாசகர்களிடமிருந்து வருவதே இல்லை. திரைப்படப் பாடல்களின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ அன்றித் தயாரிப்பாளருக்கே முதலில் சேரும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், கலைஞர்களுக்கும் பங்கு கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பொருளில் தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக்கொடுத்தாலும் பறிபோகாத உரிமைத் தொகைப் பங்கு 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் அவர்கள் இழந்ததை யாரும் திருட்டு என்று அழைக்கவில்லை. விற்ற படிகளின் கணக்கைக் காட்டாமல் ஆண்டுகளைக் கடத்தும் பதிப்பாளரையும் அப்படி அழைப்பதில்லை. எனக்கு அப்படி ஒரு பதிப்பாளரிடம் நேர்ந்ததை ஒப்பந்த மீறல் என்றே வழக்கறிஞர் எழுதினார். அந்தக் கடுஞ்சொல் எப்போதும் நகலெடுக்கும் எளியவரை நோக்கியே வீசப்படுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

திருட்டு என்று சொன்னால்தான் கடுமையான தண்டனை கிடைக்கும் என்ற எண்ணமும் தவறு. திருட்டுக்கு மூன்று ஆண்டுகள்வரை சிறை விதிக்கலாம். முதல்முறை குற்றத்துக்குக் குறைந்தபட்சம் என்று ஏதும் இல்லை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையே தண்டனை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவிலோ குறைந்தபட்சமே ஆறு மாதச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும். மேல் எல்லை மூன்று ஆண்டுகள், இரண்டு லட்சம் ரூபாய். வணிக லாபத்துக்காகச் செய்யாதவருக்கு, சிறப்புக் காரணங்களைப் பதிவுசெய்து நீதிமன்றம் குறைக்கலாம் என்பது மட்டுமே ஆறுதல். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், பிணை உரிமையாகக் கிடைக்காது என்று 2022-இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு விசிடி தொழில் செய்பவர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். வழக்கு விசாரணை முடியும் முன்பே ஓராண்டுவரை தடுத்து வைக்க இடம் கொடுக்கும் சட்டம் அது. படம் எடுத்துக் கடனாளியான தயாரிப்பாளர்களின் துயரம் உண்மையானதுதான். ஆனால் நகல் விற்றவரை அந்தப் பட்டியலில் சேர்க்கும் துணிவு, திருடன் என்ற பெயரை நாம் முன்பே அவருக்குச் சூட்டிவிட்டதால் வந்தது என்றே எண்ணுகிறேன்.

உங்கள் படைப்பு ஒன்று இப்படி நகலாகியிருப்பதால் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், திருட்டுப் புகாராக எழுதாமல் பதிப்புரிமை மீறல் என்றே எழுதுங்கள். அப்போதுதான் சரியான பிரிவு உங்களுக்குத் துணைநிற்கும். உரிமை கோருவதற்குப் படைப்பைப் பதிவுசெய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 55-ஆம் பிரிவின்கீழ்த் தடையாணையும் இழப்பீடும், மீறியவர் ஈட்டிய லாபத்தின் கணக்கும் கேட்கலாம். 62-ஆம் பிரிவு, நகலெடுத்தவர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊருக்கான மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. அச்சடித்த கள்ளப் படிகள் கிடங்கில் இருந்தால், 58-ஆம் பிரிவின்படி அவை உங்கள் சொத்தாகவே கருதப்படும். அவற்றை உங்களிடம் ஒப்படைக்கும்படி நீங்கள் கேட்கலாம்.